நாத்தனார் போட்ட இரண்டு முடிச்சு

1

வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் தொழிற்சாலையில் பண்பாட்டு நாள் கொண்டாடுகிறார்கள். மற்ற நாட்களில் பண்பாடு கிடையாதா என்று கேட்கக் கூடாது. சாப்பாட்டுக் கூடத்தில் காகிதக் கொடிகளைக் குத்தி வைத்து, அவரவர் நாட்டுத் தின்பண்டத்தைக் கொண்டுவரச் சொல்வார்கள். என்னிடம் எப்போதும் சமோசா. என் வீட்டில் யாரும் சமோசா செய்ததில்லை. அம்பத்தூரில் இருந்தபோதும் கடையில் வாங்கித்தான் தின்றோம். இங்கே கனடாவிலும் கடையில்தான் வாங்கிக்கொண்டு போகிறேன். உன் மனைவி செய்ததா என்று கேட்டால் ஆமாம் என்கிறேன். அவர்கள் சந்தோஷத்தை நான் கெடுப்பானேன்.

இந்த வருஷம் கூடுதலாக ஒரு தொல்லை. எங்கள் பிரிவின் மேலாளர் அம்மாள் என் லேத் மெஷின் பக்கம் வந்தாள். என் கருவிப் பெட்டியின் மூடியில் உள்பக்கமாக ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். என் மகள் ஷெரினின் கல்யாணப் படம். ஷெரின் வெள்ளைப் புடவையில் தலை குனிந்து நிற்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை எமேகா. நைஜீரியாவில் பிறந்தவன், இங்கே ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். பின்னால் என் அக்கா மகள் பியூலா, ஷெரினின் கழுத்துக்குப் பின்னே தாலிக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எவ்வளவு அழகான படம் டேனியல். ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வது பற்றி நீ ஐந்து நிமிடம் பேசேன். இந்தப் படத்தைப் பற்றியே பேசு" என்றாள். மார்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். இந்த ஊரில் மனம் நெகிழ்ந்தால் அப்படிச் செய்வார்கள்.

அந்தப் படத்தில் இருப்பது என்ன என்று முழுக்கச் சொன்னால் விழாவையே நிறுத்திவிடுவார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். இந்த வாரத்தோடு அந்தக் கல்யாணம் நடந்து ஒரு வருஷம் ஆகிறது. அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிற சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2

வெளிநாட்டில் இருந்து எழுதுகிற நம்மவர்கள் எல்லாரும் தவறாமல் ஒரு புகார் எழுதுவார்கள். வெள்ளைக்காரன் 'நீ எந்த ஊர்' என்பான், நாம் இருக்கிற ஊரைச் சொல்வோம், 'அது சரி, நிஜமாக எந்த ஊர்' என்பான். எவ்வளவு வலிக்கிறது தெரியுமா என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு ஒன்றும் அப்படி வலிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் அம்பத்தூரிலேயே பழகிவிட்டேன்.

"பிரதருக்கு சொந்த ஊர் எது?"

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பு தேடும்போது கேட்பார்கள். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பாதிப்பேர் ஃபாக்டரி வேலைக்கென்று எங்கெங்கோ இருந்து வந்து குடியேறியவர்கள்தான். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னால் கேள்வி முடிந்துவிடும். அதற்குப் பிறகு உங்களோடு எவ்வளவு நேரம் பேசலாம், உங்கள் வீட்டில் என்ன சாப்பிடலாம், பெண் கொடுக்கலாமா எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் திருக்கோவிலூர் பக்கம். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே தெரு எது என்று விளங்கிவிடும். அதனால் அப்பா 'அம்பத்தூர்தாங்க' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

ஒரே ஒரு நாள் அவரால் நடையைக் கட்ட முடியவில்லை. என் அக்கா ஞானத்தைப் பெண் பார்க்க, அதே கோயிலில் இருந்து ஒரு குடும்பம் அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. மாப்பிள்ளைப் பையன் பாடகர் குழுவில் அக்காவோடு பாடுகிறவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்த்தான் வந்தார்கள். நான் அப்போது பாலிடெக்னிக் முடித்திருந்தேன். அக்கா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பையனின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, சொந்த ஊர் எது என்று கேட்டார். தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்பா எங்கே ஓடுவார். சொன்னார். அவர்கள் பாதிக் காபியோடு டம்ளர்களைக் கீழே வைத்தார்கள். "வேதம் ஒண்ணுதான் பிரதர், ஆனா குடும்பம்னு ஒண்ணு இருக்கே" என்றார் அந்த மனிதர். எழுந்து போனார்கள். அந்த டம்ளர்களைக் கழுவியது அக்காதான்.

அடுத்த ஞாயிறும் அக்கா போய் அதே குழுவில் நின்று பாடினாள். நானாக இருந்தால் அந்தக் கோயில் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்க மாட்டேன். பிற்பாடு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்த ஒரு நல்ல மனிதரைக் கட்டினாள். அவர் பியூலா சின்னவளாக இருக்கும்போதே இறந்துபோனார்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மருமகனை வாசலிலேயே வைத்து எடை போட்டவள் இதே அக்காதான்.

3

ஷெரின் இங்கே வளர்ந்தவள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி வரும். ஆனால் கல்யாணம் மேனாம்பேட்டில்தான் என்று ஒரே பிடிவாதம். அக்கா இடுப்பெலும்பு உடைந்து வாக்கர் வைத்து நடக்கிறாள், விமானம் ஏற முடியாது. "அத்தை இல்லாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்பா" என்றாள். அத்தை அவளிடம் வாரம் தவறாமல் போனில் பேசியவள். மாப்பிள்ளை யார் என்று மட்டும் அக்காவுக்குத் தெரியும், படம் பார்த்ததில்லை. படம் அனுப்ப வேண்டாம், நேரில் பார்க்கட்டும் என்று சொன்னது என் மனைவி ரூத். அவளுக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை ஜாஸ்தி.

எமேகா தங்குவதற்கு அக்கா வீட்டுத் தெருவிலேயே மாடிப் போர்ஷன் ஒன்றைப் பேசியிருந்தேன். வீட்டுக்காரர் பழைய மேனாம்பேட்டுக்காரர். ஒரு காலத்தில் அவர்கள் நெல் விளைந்த இடத்தில் இப்போது மூன்று மாடி கட்டி வாடகைக்கு விடுகிறார். முன்பணமும் கொடுத்தாயிற்று. டாக்சியில் இருந்து எமேகா இறங்கியதைப் பார்த்ததும் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா சார், ஃபாரின்காரருன்னு சொன்னீங்க?"

"ஆமா. ஃபாரின்தான்."

"நான் வெள்ளைக்காரரு வருவாருன்னு நென்ச்சேன். கீழ் ஊட்ல பொம்பளப் புள்ளைங்க கீறாங்கோ சார். நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா நாந்தான பதில் சொல்லணும்."

வெள்ளைக்காரன் வந்தால் கீழ் வீட்டுப் பெண்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை போலிருக்கிறது. அவர் வாயில் வந்ததைச் சொன்னார், நானும் என் வாயில் வந்ததைச் சொன்னேன். என் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அத்தனை வருஷம் கனடாவில் இருந்தும் அவை எனக்கு மறக்கவில்லை என்பதில் கொஞ்சம் திருப்தி. எமேகா பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். இங்கே கனடாவில் வீடு தேடும்போதும் அவனுக்கு இதுதான் நடந்திருக்கிறது. இங்கே கொஞ்சம் நாசூக்காகச் சொல்வார்கள், இப்போதுதான் வேறு ஒருவருக்குக் கொடுத்தோம் என்பார்கள். அவன் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் ஆவடியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள், வெற்றுப் பக்கங்களைக்கூட.

அங்கிருந்து அக்கா வீடு. எமேகா வாசலில் குனிந்து, ஷெரின் சொல்லிக் கொடுத்தபடி, "வணக்கம் அத்தை, நல்லா கீறீங்களா?" என்றான். அக்கா வாக்கரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "உக்காருப்பா" என்றாள். என்னை மட்டும் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"இன்னாடா டேனி, இவ்ளோ கறுப்பா கீறான்?"

"நீ கண்ணாடி பாத்து எவ்ளோ நாளாச்சு?"

அவள் எமேகாவைவிட ஒரு பிடி கறுப்பு. பொய் சொல்லவில்லை, பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தெரியும்.

"நாம கறுப்புன்னா அது வேற. இது வேற."

"என்ன வேற?"

"வேறன்னா வேறதான். பாலை அடுப்புலேர்ந்து எறக்கு."

4

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறும் ஓலை வாசிப்பார்கள். இன்ன ஊர் இன்னாரின் மகன் இன்னாருக்கும், இன்ன ஊர் இன்னாரின் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் போதகரிடம் சொல்லலாம் என்று அறிவிப்பு. எனக்குத் தெரிந்து அதுவரை யாரும் தடை சொன்னதில்லை. அப்படிச் சொல்லக்கூடும் என்பதே மறந்துபோய், அந்த நேரத்தில் எல்லாரும் காணிக்கைக்குச் சில்லறை தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் ஞாயிறு எமேகாவின் ஊர்ப் பெயரைப் போதகர் தட்டுத் தடுமாறி வாசித்தார். பின் வரிசையில் சிரிப்புச் சத்தம். ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ஜெயசீலன் தடை சொன்னார். மாப்பிள்ளை கிறிஸ்தவர்தானா என்று சபைக்கு எப்படித் தெரியும் என்றார். எமேகாவின் ஞானஸ்நானச் சான்று இருந்தது. அவன் ஊர் ஆயர் கொடுத்த கடிதம் இருந்தது. கனடாவில் உள்ள போதகரின் கடிதமும் இருந்தது. அவன் தாத்தா உபதேசியார். ஞாயிறு ஆராதனையை அவன் தவற விட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலேயே கிறிஸ்தவன் என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

"பிரதர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் ஜெயசீலன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லப் போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "இந்த மாதிரி ஆளுங்க போதை மருந்து கேஸ்ல மாட்றாங்கன்னு பேப்பர்ல வந்துகினே கீது."

"அவன் மருந்துக்கடையில வேலை பாக்கறான். அதுக்குப் படிச்சவன்."

"அதைத்தான் பிரதர் நானும் சொல்றேன்."

இந்த ஆளோடு என்ன பேசுவது. அன்றைய பிரசங்கம் அந்நியரை உபசரிப்பது பற்றி. நான் வேண்டுமென்று சேர்த்துச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான். ஜெயசீலன் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னார்.

அடுத்த வாரம் கடிதங்களின் அசல் கேட்டார். அசலைக் காட்டினால் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். பிறகு மாப்பிள்ளை ஏற்கெனவே கல்யாணம் ஆகாதவர் என்பதற்கு ஊரில் இருந்து ஒரு சான்று வேண்டும் என்றார். போதகர் வயதில் சின்னவர், பயந்த சுபாவம். ஆனாலும் மூன்றாம் ஞாயிறு, ஜெயசீலன் பக்கம் திரும்பாமலே ஓலையை வாசித்து முடித்துவிட்டார். பயந்துகொண்டேதான் வாசித்தார். அந்தப் பயத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

5

எமேகாவுக்கு அப்பா அம்மா இல்லை. வளர்த்தது அக்கா சியோமா. அவளுக்கு இந்தியா வர விசா கேட்டு மாதக் கணக்காக அலைந்தார்கள். ஒரு தாள் கொடுத்தால் இன்னொரு தாள் கேட்டார்கள். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கல்யாண வாரம் வந்துவிட்டது, விசா வரவில்லை.

அப்போதுதான் போதகர் கேட்டார், நாத்தனார் முடிச்சு யார் போடுகிறார்கள் என்று. கோயிலில் போதகர் ஜெபித்துக் கொடுக்கிற தாலியை மாப்பிள்ளை கட்டி முதல் முடிச்சுப் போடுவான். மீதி இரண்டு முடிச்சும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். இதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது, நம் ஊர் வழக்கம். தாலியே நம் ஊர் வழக்கம்தானே.

"சிஸ்டர் யாரும் இல்லன்னா மாப்பிள்ளையே மூணும் போட்டுடலாம் அங்கிள். சில பேர் அப்படிப் பண்றாங்க" என்றார் போதகர்.

ஷெரின் இதை எமேகாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே நின்றவன் இதற்குச் சிரிக்கவில்லை. "எங்கள் ஊரில் ஆள் இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். எனக்கு யாரும் இல்லை என்று அத்தனை பேர் முன்னால் காட்டத்தான் வேண்டுமா?" என்றான். அவன் குரல் உடைந்து அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். 

அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஷெரின் யோசிக்கவே இல்லை. எதிரே இருந்த பியூலாவைப் பார்த்து, "நீ போடறியா?" என்றாள்.

பியூலா பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதிகம் பேச மாட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா தட்டைத் தள்ளினாள்.

"அவ எதுக்குப் போடணும்? டேய் டேனி, முடிச்சு போட்டா இன்னா அர்த்தம்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, உனுக்குமா தெரியாது? அவன் இவளுக்கு அண்ணன் ஆயிடுவான்."

எனக்குத் தெரியும். அண்ணன் மட்டுமா. அத்தை மகள் நாத்தனாராக நின்று முடிச்சுப் போட்டால், மாப்பிள்ளை அத்தை மகன் ஆகிறான். அதாவது அக்காவின் மகன், ஷெரினுக்கு முறை மாப்பிள்ளை. அக்கா இந்தக் கணக்கை ஒரு நொடியில் போட்டுவிட்டாள். எமேகா மட்டும் ஒன்றும் புரியாமல் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதைப் பற்றிய சண்டை என்று புரியாவிட்டாலும் யாரைப் பற்றி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஆயிட்டா என்ன? உனக்கு ஒரு மகன் இல்லாத குறை தீர்ந்துச்சுன்னு வெச்சுக்க" என்றேன்.

"நாளைக்கு இவளைப் பாக்க வர்றவன், பொண்ணுக்கு அண்ணன் எங்கன்னு கேட்டா, இவனைக் கூட்டி வந்து காட்டட்டுமா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "உன் காபியைப் பாதியில வெச்சுட்டுப் போனாங்களே, அதுக்குள்ள மறந்துட்டியா அக்கா?"

ரூத் என் கையைப் பிடித்தாள். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

"மறக்கலடா. மறக்காததாலதான் சொல்றேன். என் பொண்ணு ஒருத்தன் குடிச்ச எச்சி டம்ளரைக் கழுவிகினு நிக்கணுமா? உனுக்கு இன்னா, பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு பிளேன் ஏறிடுவ. நாங்க இங்கதான கெடக்கணும்."

 அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்ட காயத்தை வைத்துக்கொண்டே இன்னொருவனைக் காயப்படுத்துகிற நியாயம் எனக்கு வேண்டாம். எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

6

கல்யாணத்தன்று அக்கா வந்தாள். அவள் வராவிட்டால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். முன் வரிசையில் பெண் வீட்டார் பக்கம், வாக்கரை முன்னால் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் பியூலா. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் முன் வரிசை காலி. அந்தக் காலி வரிசையை அன்று கோயிலுக்கு வந்திருந்தவர்கள் எவ்வளவு ரசித்துப் பார்த்தார்கள். ஒருவராவது எழுந்து போய் அதில் உட்காரவில்லை.

போதகர் ஜெபித்துத் தாலியைக் கொடுத்தார். எமேகா கட்டினான். முதல் முடிச்சைப் போட்டான். லாட்ஜ் அறையில் ஷூ லேஸை வைத்துக்கொண்டு பழகியிருந்தான். மூன்றையும் அவனே போட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் நிறுத்திவிட்டான். கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றான். போட மறந்தானா, மனம் வரவில்லையா, நான் இன்றுவரை கேட்கவில்லை. ஆர்மோனியமும் நின்றுவிட்டது.

எனக்குப் பின்னால் இருந்து ஜெயசீலன் தன் மனைவியிடம் சொல்வது எல்லார் காதிலும் விழுந்தது. "நான் அப்பவே சொன்னேன்."

பியூலா எழுந்தாள். அக்கா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். பியூலா குனிந்து அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள், முரட்டுத்தனமாக இல்லை, குழந்தை கையில் இருந்து எதையாவது எடுப்போமே அதுபோல. போய் ஷெரினின் பின்னால் நின்று, எமேகாவின் கையில் இருந்து கயிற்றை வாங்கி, இரண்டு முடிச்சும் போட்டாள். அந்த நேரத்தில் எடுத்ததுதான் என் பெட்டி மூடியில் இருக்கிற படம்.

மேலாளர் அம்மாள் பார்த்து நெகிழ்ந்த படத்தின் இடது ஓரத்தில், ரப்பர் வைத்த வாக்கர் கால் ஒன்று தெரியும். அக்கா எழுந்து வெளியே போகிறாள். அதை யாரும் கவனிப்பதில்லை.

விருந்தில் அவள் கை நனைக்கவில்லை. அக்காவுக்கென்று இலை போட்டிருந்த இடத்தில் ஜெயசீலன் உட்கார்ந்து இரண்டு தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்.

7

ஒரு வருஷம் அக்கா என்னோடு பேசவில்லை. ஷெரின் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஷெரின் முதலில் அழுதாள், பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டாள். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு உறவு என்பது பிடித்தால் வைத்துக்கொள்வது, பிடிக்காவிட்டால் விட்டுவிடுவது. எனக்கு அந்த வசதி இல்லை. ஞாயிறு காலை நான் தவறாமல் கூப்பிட்டேன், அவளும் தவறாமல் கட் பண்ணினாள்.

செய்தி எல்லாம் பியூலா மூலம் வரும். முத்தாபுதுப்பேட்டையில் இருந்து ஒரு வரன் வந்ததாம். பையனின் சித்தி நம் கோயில், கல்யாணத்துக்கு வந்தவள். இரண்டாம் முறை அவர்கள் வரவில்லை. ஆவடியில் இருந்து இன்னொன்று. பெண்ணுக்கு நெருங்கிய சொந்தத்தில் ஒரு ஆப்பிரிக்காக்காரராமே என்று கேட்டுவிட்டு அதுவும் நின்றது. வரன் பார்த்துக் கொடுக்கிற அம்மாள், அந்தப் படங்களை எல்லாம் போனில் இருந்து அழித்துவிடுங்கள் என்று புத்தி சொன்னாளாம்.

"நீ என்ன சொன்னே?" என்று பியூலாவைக் கேட்டேன்.

"போட்ட முடிச்சை அவுக்கச் சொல்றாங்களா மாமான்னு இருந்துச்சு. ஒண்ணும் சொல்லல" என்றாள். அக்கா சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, அதனால் எல்லார் மேலும் பட்டேன்.

பண்பாட்டு நாளன்று காலை சமோசாப் பெட்டியோடு தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்தினேன். போன் அடித்தது. ஊரில் அப்போது மாலை. அக்கா. ஒரு வருஷம் கழித்து அவளாகக் கூப்பிடுகிறாள் என்றால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"உன்னாலதான்டா போச்சு" என்றாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"என்ன போச்சு?"

"வரன் போச்சு. வெள்ளானூர் பார்ட்டி. பையன் நல்ல கம்பெனில கீறான். சொந்த ஊர் கேக்கல, ஒண்ணும் கேக்கல, எல்லாம் சம்மதம்னுட்டான். இவளுக்கும் புடிச்சிருந்துச்சு. இன்னிக்கு உறுதி பண்ண வந்தானுங்க. காபி குடுத்தேன். குடிச்சுகினே அந்தப் பையனோட அப்பன் சொல்றான், எல்லாம் சரிங்க, அந்த நைஜீரியாக்காரரு மட்டும் கண்ணாலத்துக்கு வர வேணாம், ஃபோட்டோல வந்தா நாலு பேரு பேசுவாங்கன்னு."

"நீ என்ன சொன்னே?"

"இன்னா சொல்வேன். அவன் கையிலேர்ந்து டம்ளரைப் புடுங்கிட்டேன்."

நான் கார் எஞ்சினை அணைத்தேன்.

"பாதிக் காபிதான் குடிச்சிருந்தான். வாக்கரைப் புடிச்சுகினு எழுந்து போய், நாலு பேர் கையிலேர்ந்தும் வாங்கினேன். எழுந்து போங்கடான்னுட்டேன். எம் பொண்ணோட அண்ணன் வரக் கூடாதுன்னு சொல்ல இவனுங்க யாரு? நான் சொல்வேன். ஆயிரம் சொல்வேன். அது எங்க ஊட்டுச் சண்டை."

"பியூலா?"

"டம்ளர் கழுவிகினு கீறா. சிரிச்சுகினே கழுவறா, பைத்தியம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்காக அக்கா மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். போகவில்லை. கோயிலில் அவள் எழுந்து போனதை அந்தப் படம் பார்க்கும்போதெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் அந்த நிமிஷம் பக்கத்தில் இருந்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன். அப்படி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"நன்றி கின்றின்னு எதுனா சொன்ன, போனை வெச்சுடுவேன். நீ பண்ண வேலைக்கு நான் அனுபவிக்கிறேன். இனிமே வர்றவன்கிட்ட காபி குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடப் போறேன். பொண்ணுக்கு ஒரு அண்ணன் கீறான், கறுப்பா இருப்பான், கண்ணாலத்துக்கு வருவான், முன்னாடி நிப்பான். இஷ்டம்னா உக்காரு, இல்லன்னா அப்படியே போயிகினே இருன்னு."

"சரிக்கா."

"அவனை லீவு கேட்டு வெக்கச் சொல்லு."

"எந்த மாசம்? கல்யாணம் எப்போ?"

"மாப்பிள்ளையே கெடைக்கல, கண்ணாலம் எப்போன்னு கேக்கறான் பாரு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.